நான்கு கட்டம் போட்டுப் படியுங்கள்: கிரேக்க அறவியலின் ஒப்புமைகளுக்கு ஒரு வழிகாட்டி

பிளேட்டோவை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் குகைக் கதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கட்டிப்போடப்பட்ட மனிதர்கள், சுவரில் அசையும் நிழல்கள், வெளியே கண்ணைக் கூசவைக்கும் சூரியன். படித்து முடித்தபோது ஏதோ பெரிதாகப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த நாள் ஒரு நண்பரிடம் சொல்லப் போனால் கதையை மட்டும்தான் சொல்ல முடிந்தது. "சரி, அந்தக் கதை எதை நிறுவுகிறது?" என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் கிரேக்கர்களின் ஒப்புமைகளை எப்படிப் படிப்பது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. புதிதாக வருகிறவர்கள் நேராக அங்கே போய்ச் சேரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தத்துவம் முன்பே படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், பிளேட்டோவின் 'கிரிட்டோ' என்ற சிறிய உரையாடல், இவை போதும். ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.

தொடங்குமுன் ஒரு சொல்

ஒப்புமையைக் குறிக்கும் 'அனலோகியா' என்ற கிரேக்கச் சொல் கணக்கிலும் வழங்கிய சொல். பள்ளியில் விகித சமம் என்று படித்தோமே, அதுதான். 2க்கு 4 எப்படியோ அப்படி 3க்கு 6. உறுப்புகள் நான்கு; மூன்று தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடித்துவிடலாம். அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலில் இதே அமைப்பை மொழிக்குக் கொண்டுவருகிறார்: பகலுக்கு மாலை எப்படியோ அப்படி வாழ்க்கைக்கு முதுமை, எனவே முதுமையை வாழ்க்கையின் மாலை எனலாம். 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் ஐந்தாம் புத்தகத்தில் (புத்தகம் என்பது இங்கே ஒரு நூலின் பெரும்பகுதி) நியாயமான பங்கீட்டையே அவர் விகித சமமாகத்தான் விளக்குகிறார். இரண்டு ஆட்கள், இரண்டு பங்குகள். ஆட்களுக்கிடையே என்ன விகிதமோ அதுவே பங்குகளுக்கிடையிலும் இருக்க வேண்டும்.

இலக்கண வகுப்பில் நாம் படித்த உவமையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முகம் மதி போன்றது என்றால் அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அழகாக இருந்தால் போதும். பிளேட்டோவின் உரையாடல்களில் முக்கியமாகப் பேசும் சாக்ரடீஸ் "நீதி மருத்துவம் போன்றது" என்கிற தொனியில் பேசத் தொடங்கினால், எதிரே உட்கார்ந்திருப்பவர் "இல்லை" என்று சொல்ல உரிமை உள்ளவர். சொல்லவும் செய்கிறார். அந்த "இல்லை" வரும் இடத்தைத்தான் நாம் தேடப்போகிறோம்.

படி 1: ஓர எண்களைப் பழகிக்கொள்ளுங்கள்

நல்ல பிளேட்டோ பதிப்பு எதிலும் பக்க ஓரத்தில் எண்கள் இருக்கும். 1578இல் ஹென்றி எஸ்தியேன் வெளியிட்ட பதிப்பின் பக்க எண்கள் அவை. எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் இந்த எண் மாறாது. அரிஸ்டாட்டிலுக்கு 1831இல் பெர்லினில் பெக்கர் வெளியிட்ட பதிப்பின் எண்கள். கீழே நான் தரும் எண்கள் எல்லாம் இவைதான். கையில் புத்தகம் இல்லையென்றால் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் இணைய நூலகத்தில் கிரேக்க மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 2: 'கிரிட்டோ' 46 முதல் 48 வரை படித்துக் கட்டம் போடுங்கள்

கி.மு. 399. சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டாகிவிட்டது. விடியுமுன் பழைய நண்பர் கிரிட்டோ சிறைக்கு வந்து, தப்பி ஓடிவிடலாம் வா என்று கெஞ்சுகிறார். அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று மிக மனிதத்தன்மையானது: உன்னைக் காப்பாற்றப் பணம் செலவழிக்க மனமில்லாத நண்பர்கள் என்று ஊர் எங்களைப் பேசுமே.

சாக்ரடீஸ் ஊர்ப்பேச்சை வெறுமனே ஒதுக்கிவிட்டு நின்றுவிடுவதில்லை. உடற்பயிற்சி செய்கிற ஒருவனைப் பற்றிக் கேட்கிறார். அவன் எல்லோருடைய பாராட்டையும் பழியையும் பொருட்படுத்துவானா, அல்லது மருத்துவரோ பயிற்சியாளரோ ஆன அந்த ஒருவருடையதை மட்டுமா? ஒருவருடையதை மட்டும்தான், என்கிறார் கிரிட்டோ. அந்த ஒருவரை விட்டுவிட்டுப் பலர் பேச்சைக் கேட்டால் கேடு எங்கே விழும்? உடம்பில். சரி, நீதி, அநீதி விஷயத்திலும் அப்படித்தானே? அங்கேயும் பலர் பேச்சைக் கேட்டால், நீதியால் நலம் பெறுவதும் அநீதியால் கெடுவதுமான அந்த ஒன்று பாழாகிவிடாதா? உடம்பு பாழான பின் வாழ்வதில் பயனில்லை என்றால், அது பாழான பின்?

கவனியுங்கள், இந்த இடத்தில் அவர் 'ஆன்மா' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "அது எதுவாக இருந்தாலும்" என்று விட்டுவிடுகிறார். இப்போது நோட்டில் எழுதுங்கள்:

உடல் : மருத்துவர் அல்லது பயிற்சியாளர்
நீதியால் நலம் பெறுவது : ?

முதல் மூன்று கட்டங்களைப் பேனாவால் எழுதலாம். நான்காவதைப் பென்சிலால் எழுதுங்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 3: எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முழு வேலையும். கிரேக்கர்களின் அற ஒப்புமைகள் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு கட்டம் காலியாகவோ, அரைகுறையாக நிரம்பியோ இருக்கும். அந்தக் காலியிடம்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட கேள்வி.

'கிரிட்டோ'வில் நான்காவது கட்டத்தில் யார்? நீதி, அநீதி பற்றி அறிந்த அந்த ஒருவர். அவர் பெயர் என்ன? சாக்ரடீஸ் சொல்வதில்லை. "அந்த ஒருவரும், உண்மையும் என்ன சொல்வார்களோ அது" என்று மட்டும் சொல்கிறார். 'அப்பாலஜி' என்னும் வழக்குரையை நீங்கள் படித்திருந்தால் இது உறுத்த வேண்டும். அங்கே அரசியல்வாதிகள், கவிஞர்கள், கைவினைஞர்கள் எல்லோரையும் விசாரித்துப் பார்த்தும், மிக முக்கியமான விஷயங்களில் அறிவுள்ள ஒருவரைக்கூடக் காணவில்லை என்று சொன்னவர் இவர்தான். ஆக, மருத்துவர் இருக்க வேண்டிய நாற்காலியில் ஆள் இல்லை.

அப்படியானால் வாதம் விழுந்துவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. கொஞ்சம் பின்னால் போய் 46ஆம் பக்கத்தைப் பாருங்கள். ஆராய்ந்து பார்க்கும்போது எந்த வாதம் சிறந்ததாகத் தோன்றுகிறதோ அதற்கு மட்டுமே கட்டுப்படும் ஆள் நான், இன்று நேற்றல்ல, எப்போதும், என்கிறார். நிபுணர் இல்லாத நாற்காலியில் அவர் உட்காரவைப்பது ஆராய்ச்சியை. இதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒவ்வொரு கூற்றாகப் பரிசோதிப்பது அதனால்தான். ஒப்புமை முடிவைத் தந்துவிடவில்லை. எங்கே தேட வேண்டும் என்று காட்டியது. இது என் வாசிப்பு. நீங்கள் வேறு பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினாலும் எழுதலாம், பென்சில்தானே.

படி 4: மறுப்பவரின் பக்கம் நின்று ஒரு முறை படியுங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் தவறு, சாக்ரடீஸ் பேசும் வரிகளை மட்டும் அடிக்கோடிடுவது. எதிராளிகள் "ஆமாம் சாக்ரடீஸ்" போடுவதற்காக வந்தவர்கள் அல்ல. ஒப்புமையை எப்படி உடைப்பது என்பதை அவர்களிடமிருந்துதான் கற்க வேண்டும். உடைக்கும் விதங்கள் பலவகை.

ஒன்று, நேராக "இரண்டும் ஒரே மாதிரி இல்லை" என்பது. 'கார்மிடீஸ்' 165இல், தன்னடக்கம் ஒரு வகை அறிவு என்று சொல்லும் கிரிட்டியாஸிடம் சாக்ரடீஸ், மருத்துவம் உடல்நலத்தை உண்டாக்குகிறது, கட்டடக் கலை வீட்டை உண்டாக்குகிறது, தன்னடக்கம் எதை உண்டாக்குகிறது என்று கேட்கிறார். கிரிட்டியாஸ் மடக்குகிறார்: எல்லா அறிவும் ஒரே மாதிரி என்று ஏன் நினைக்கிறீர்கள்? வீட்டைப் போல, நெய்த துணியைப் போலக் கணக்கும் வடிவியலும் எந்தப் பொருளை உண்டாக்குகின்றன? சாக்ரடீஸ் அந்தக் குறையை ஒப்புக்கொண்டு கேள்வியை மாற்றிக் கேட்கிறார். இந்தக் கிரிட்டியாஸ் கி.மு. 404இல் ஏதென்ஸை ஆண்ட முப்பது கொடுங்கோலர்களில் ஒருவராகப் போகிறவர். ஆனாலும் இந்த இடத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, பிளேட்டோ அதை மறைக்கவில்லை.

இரண்டாவது, எதிர் ஒப்புமை. 'குடியரசு' முதல் புத்தகத்தில் சாக்ரடீஸ், மருத்துவர் என்ற முறையில் மருத்துவர் நாடுவது நோயாளியின் நன்மையைத்தான், அப்படியே ஆட்சியாளரும் என்கிறார். எதிரே வாதாடும் திராசிமாக்கஸ் மருத்துவரைத் தொடவே இல்லை. மேய்ப்பனைக் கொண்டுவருகிறார் (343). மேய்ப்பன் ஆட்டைக் கொழுக்க வைப்பது ஆட்டுக்காகவா? இதற்குச் சாக்ரடீஸ் தரும் பதிலைப் படித்து, அது உங்களுக்குப் போதுமா என்று பாருங்கள்: மேய்க்கும் தொழில் வேறு, கூலி சம்பாதிக்கும் தொழில் வேறு என்று அவர் பிரிக்கிறார். எனக்கு அது முழுசாகப் போதவில்லை. பிளேட்டோவுக்கும் போதவில்லை என்று நினைக்கிறேன்; அடுத்த ஒன்பது புத்தகங்கள் வந்திருக்கின்றனவே.

மூன்றாவது, "எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கிறது" என்பது. 'கார்ஜியாஸ்' 493இல் இரண்டு மனிதர்கள். ஒருவனுடைய ஜாடிகள் ஓட்டையில்லாதவை, மதுவும் தேனும் பாலும் நிரம்பியிருக்கின்றன, அவன் நிம்மதியாக இருக்கிறான். இன்னொருவனுடைய ஜாடிகள் ஒழுகுகின்றன, இரவும் பகலும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போதாவது அடக்கமான வாழ்க்கை மேல் என்று ஒப்புக்கொள்வாயா, என்கிறார் சாக்ரடீஸ். எதிராளி கேலிக்ளீஸ் மாட்டேன் என்கிறார். ஜாடி நிரம்பியவனுக்கு இனி இன்பமே இல்லை, அவன் கல்லைப் போல வாழ்கிறான், ஊற்றுவதில்தான் இன்பம். படத்தை அவர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார், மதிப்பை மட்டும் தலைகீழாக்குகிறார். அதன் பிறகு சாக்ரடீஸ் படங்களை விட்டு, இன்பமும் நன்மையும் ஒன்றா என்ற நேரான விவாதத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் ஆழமான மறுப்பு 'புரோட்டகோரஸ்' உரையாடலில் இருக்கிறது (319 முதல் 328 வரை). இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். ஏதென்ஸ் மக்கள் சபையில் கப்பல் கட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் கப்பல் கட்டுபவரைத்தான் கூப்பிடுகிறார்கள். வேறு யாராவது எழுந்தால் சிரித்து உட்கார வைக்கிறார்கள். நகர நிர்வாகம் என்றால் மட்டும் தச்சர், கொல்லர், செருப்புத் தைப்பவர், வணிகர், பணக்காரர், ஏழை, யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அப்படியானால் அது கற்றுத்தரக்கூடிய அறிவே இல்லை போலிருக்கிறதே என்கிறார் சாக்ரடீஸ்.

நல்ல குடிமக்களாக இருக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் ஆசிரியர் புரோட்டகோரஸ். அவருடைய பதிலில் ஒரு கதை வருகிறது. மனிதர்கள் சேர்ந்து வாழத் தெரியாமல் அழியும் நிலையில் இருந்தபோது, தேவர்களின் தலைவர் ஜீயஸ் தம் தூதர் ஹெர்மீஸிடம் நாணத்தையும் நீதியையும் கொடுத்து அனுப்புகிறார். கலைகளைப் பகிர்ந்தது போலப் பகிரட்டுமா, அதாவது பலருக்கு ஒரு மருத்துவர் என்பது போல, என்று ஹெர்மீஸ் கேட்கிறார். இல்லை, எல்லோருக்கும் கொடு, என்கிறார் ஜீயஸ். கதைக்கு அப்புறம் வரும் வாதம் இன்னும் கூர்மையானது. அறத்துக்கு ஆசிரியர் யார் என்று தேடுகிறீர்களே, கிரேக்க மொழி பேசக் கற்றுத்தந்த ஆசிரியர் யார் என்று தேடிப் பாருங்கள், ஒருவரும் அகப்பட மாட்டார். ஏனென்றால் எல்லோருமே கற்றுத்தருகிறார்கள்.

'கிரிட்டோ'வின் காலிக் கட்டத்துக்கு இது ஒரு பதில். அங்கே ஒருவரைத் தேடினோம். இவர் ஊரையே கொண்டுவந்து உட்கார வைக்கிறார். மருத்துவத்தை எடுத்துக்கொண்டால் நிபுணர் வருகிறார், தாய்மொழியை எடுத்துக்கொண்டால் எல்லோரும் வருகிறார்கள். எந்த ஒப்புமையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. ஏதென்ஸில் 500 பேர் கொண்ட ஆலோசனை சபைக்கு உறுப்பினர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இதன் கனம் தெரியும். போட்டிக்கு விளையாட்டு வீரரைக் குலுக்கிப் போட்டு எடுப்போமா, கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பவரை அப்படி எடுப்போமா என்ற வாதத்தை, சாக்ரடீஸ் பாணி ஒப்புமைக்கு எடுத்துக்காட்டாக அரிஸ்டாட்டில் 'பேச்சுக்கலை' நூலில் (1393) குறித்து வைத்திருக்கிறார்.

படி 5: ஒரே ஒப்புமையைக் கடைசி வரை பின்தொடருங்கள்

அதற்கு மிகப் பொருத்தமானது தொழில் ஒப்புமை: நல்லவனாக இருப்பது ஒரு கைத்தொழிலில் தேர்ந்திருப்பது போன்றது. சாக்ரடீஸ் பேச்சில் தச்சரும் செருப்புத் தைப்பவரும் ஓயாமல் வருவது இதனால்தான்.

இதை முடிந்தவரை இழுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைப் பிளேட்டோவே 'சிறிய ஹிப்பியாஸ்' உரையாடலில் (373 முதல் 376 வரை) காட்டுகிறார். வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறவன், முடியாமல் மெதுவாக ஓடுகிறவனைவிட நல்ல ஓட்டக்காரன். வேண்டுமென்றே சுருதி தப்பிப் பாடும் குரல், தன்னையறியாமல் தப்பும் குரலைவிட மேல். இப்படியே போனால், வேண்டுமென்றே அநியாயம் செய்கிறவன், அப்படி ஒருவன் இருந்தால், அவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும். ஹிப்பியாஸ் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது என்கிறார். என்னாலும் முடியவில்லை என்கிறார் சாக்ரடீஸ். உரையாடல் ஏறக்குறைய அங்கேயே முடிகிறது. முதல் தடவை படித்தபோது எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் ஒரு கட்டத்தில் தவறான ஆளை உட்கார வைத்ததன் விலை அது என்று புரிந்தது.

அரிஸ்டாட்டிலிடம் வாருங்கள். 'நிக்கோமாக்கிய அறவியல்' இரண்டாம் புத்தகத்தின் தொடக்கத்தில் (1103) அவர் தொழில் ஒப்புமையை மனமார ஏற்கிறார். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ்க் கலைஞர் ஆகிறோம். நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயமானவர் ஆகிறோம். இரண்டு பக்கம் தள்ளி (1105) அதே ஒப்புமைக்கு எல்லை போடுகிறார். ஒரு பொருளைச் செய்தால், அது நன்றாக இருந்தால் போதும். நியாயமான செயலுக்கு அது போதாது. செய்கிறவர் அறிந்து செய்ய வேண்டும், அந்தச் செயலுக்காகவே அதைத் தேர்ந்து செய்ய வேண்டும், அசையாத குணத்திலிருந்து செய்ய வேண்டும். ஆறாம் புத்தகத்தில் (1140) ஹிப்பியாஸின் தொண்டையில் சிக்கிய முள்ளை எடுத்தே விடுகிறார்: தொழிலில் வேண்டுமென்றே பிழை செய்பவர் மேல்; நடைமுறை விவேகத்திலும் நற்குணங்களிலும் அப்படிச் செய்பவரே கீழ். இந்த ஒப்புமை, கற்கும் முறை என்ற இடத்தில் பொருந்துகிறது, விருப்பம் என்ற இடத்தில் பொருந்தவில்லை. 'ஒத்துப்போகிறதா இல்லையா' என்று கேட்காமல் 'எதில், எதுவரை' என்று கேட்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பக்கங்கள் எனக்குத் தெரியாது.

அரிஸ்டாட்டிலுக்குப் பின் வந்த தத்துவப் பள்ளியினரான ஸ்டோயிக்குகள் ஒப்பிடும் தொழிலையே மாற்றுகிறார்கள். ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் 'நன்மை தீமைகளின் எல்லைகள்' மூன்றாம் புத்தகத்தில் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ அவர்கள் சார்பில் பேசுகிறார். விவேகம் மருத்துவத்தையும் கப்பலோட்டுவதையும் போன்றதல்ல, நடிப்பையும் நடனத்தையும் போன்றது. கப்பல் கரைசேர்ந்த பிறகுதான் மாலுமியின் வேலை முடிகிறது. ஆடுகிறவரின் நோக்கமோ ஆட்டத்துக்குள்ளேயே நிறைவேறுகிறது. கிரிட்டியாஸ் எழுப்பிய கேள்விக்கு, அதாவது எந்தப் பொருள் உண்டாகிறது என்பதற்கு, இப்படி ஒரு பதில் கிடைக்கிறது.

படி 6: நகரமும் ஆன்மாவும்

'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில் (368) சாக்ரடீஸ், தூரத்தில் உள்ள சின்ன எழுத்துகளைப் படிக்க முடியாதவர்கள் அதே எழுத்துகள் வேறோர் இடத்தில் பெரிதாக எழுதியிருந்தால் முதலில் அதைப் படிப்பார்கள் என்கிறார். தனிமனிதனின் நீதி சின்ன எழுத்து, நகரத்தின் நீதி பெரிய எழுத்து. பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நான்காம் புத்தகத்தில் 434ஐயும் 435ஐயும் தவறாமல் பாருங்கள். நகரத்தில் கண்டது தனிமனிதனுக்குப் பொருந்தினால் சரி. பொருந்தாமல் வேறு ஒன்று தெரிந்தால் நகரத்துக்கே திரும்பிப் போய்ச் சோதிப்போம், இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தீக்கடைக்கோல்களைப் போல உரசினால் நீதி பொறியாகத் தெறிக்கலாம், என்கிறார். ஒப்புமையை எப்படிக் கையாள வேண்டும் என்று கிரேக்கர்களே சொல்லிவைத்த குறிப்பு இது. உரசுவதற்கு இரண்டு கோல்களும் வேண்டும். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தீ மூட்ட முடியாது.

அடிக்கடி நேரும் ஒரு தவறு

நற்குணம் மிகைக்கும் குறைக்கும் நடுவில் இருக்கிறது என்ற அரிஸ்டாட்டிலின் 'நடுநிலை'யைப் பாதிக்குப் பாதி என்று புரிந்துகொள்வது. 1106இல் அவர் தரும் உணவுக் கணக்கைப் பாருங்கள். பத்து மினா உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா கொடுக்க மாட்டார். (ஒரு மினா அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.) மல்யுத்த வீரர் மைலோவுக்கு ஆறு போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவருக்கு அதிகம். கோபமும் பயமும் அப்படித்தான்: அளவு ஆளையும் நேரத்தையும் பொறுத்தது. ஐந்தாம் புத்தகத்தில் (1137) லெஸ்போஸ் தீவுக் கொத்தர்களின் ஈய அளவுகோல் வருகிறது. கல்லின் வடிவத்துக்கு ஏற்ப வளையும் கோல். பொதுச் சட்டம் பொருந்தாத வழக்கில் தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதை ஒப்பிடுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் 'பாதி' என்ற எண்ணம் தானாகப் போய்விடும்.

எந்த வரிசையில் படிப்பது

'கிரிட்டோ' முதலில். பிறகு 'அப்பாலஜி', 'சிறிய ஹிப்பியாஸ்', 'புரோட்டகோரஸ்'. அதன் பின் 'கார்ஜியாஸ்', 'குடியரசு' முதல் நான்கு புத்தகங்கள், 'நிக்கோமாக்கிய அறவியல்' முதல் இரண்டு புத்தகங்கள். குகை 'குடியரசு' ஏழாம் புத்தகத்தில் 514இல் இருக்கிறது. அதை இந்த வரிசையின் கடைசியில் வையுங்கள். அதற்குள் கட்டம் போடக் கை பழகியிருக்கும், கைதிகள் எந்தக் கட்டத்தில், சூரியன் எந்தக் கட்டத்தில் என்று நீங்களே நிரப்புவீர்கள்.

'புரோட்டகோரஸ்' முடித்த அன்று மட்டும் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். 'கிரிட்டோ'வின் நான்காவது கட்டத்தில் பென்சிலால் எழுதியது அப்படியே இருக்கட்டுமா, அழிக்க வேண்டுமா என்று பாருங்கள். என் நோட்டில் அந்த இடத்தில் காகிதம் தேய்ந்துபோயிருக்கிறது.